பதின்மூன்றாம் நம்பர் நரம்பு

பதின்மூன்று. கவரின் வலது மூலையில், சிவப்பு வட்டத்துக்குள், கண்ணாடி போடாமலே படிக்கிற அளவில் அச்சடித்திருக்கிறார்கள். சந்தேகமே வராத மனிதரிடம் எழுத்தைப் பெரிதாக்கி என்ன பயன். சந்தியாகு நேற்று இதே கடைக்கு வந்திருக்கிறார், இதே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், கிட்டார் கம்பி கேட்டிருப்பார், கடைக்காரர் பத்தா பதினொண்ணா பன்னெண்டா பதிமூணா என்று அடுக்கியிருப்பார், என் கணவர் கொஞ்சமும் யோசிக்காமல் இருப்பதிலேயே பெரிய எண்ணைக் கேட்டு வாங்கியிருப்பார். ஏனென்றால் அவருக்குக் கம்பியைப் பற்றித் தெரியும். பொன்மலை ரயில்வே பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றியே ஓய்வு பெற்றவர். அந்த உலகத்தில் எண் ஏற ஏறக் கம்பி இளைக்கும். இருபத்திரண்டாம் நம்பர் என்றால் தடி, முப்பத்தாறாம் நம்பர் என்றால் தலைமுடி. கிட்டார் உலகத்தில் தலைகீழ். இங்கே எண் என்பது முதல் கம்பியின் கனம், அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டு அதில் இத்தனை கூறு என்று பொருள்; பத்து மெலிசு, பதின்மூன்று தடி. ஆக, பெண்டாட்டியின் விரலுக்கு நோகக் கூடாது என்று ஊரிலேயே மெல்லிய கம்பியைத் தேடிப் போனவர், கடையிலேயே தடித்த கம்பியோடு வந்து நின்றார். “பதிமூணு. இதுக்கு மேல மெலிசு கிடையாதாம்” என்றார். அந்தக் ‘கிடையாதாம்’ இருக்கிறதே, யாரோ சொல்லித் தான் கேட்டதாகக் காட்டுகிற அந்த ‘ஆம்’, அது பச்சைப் பொய். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தானே முடிவு செய்துவிட்டு இன்னொருவர் வாயில் வைப்பதற்கென்றே தமிழ் அந்த ஈறை வைத்திருக்கிறது. பிழை கண்ட இடத்தில் என் கை தானாகச் சுழிக்கும். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, சாம்பார்ப் பொடி கவர் எதையும் நான் விட்டதில்லை, இத்தனை வருடம் தமிழ் டீச்சராக இருந்த தோஷம். நேற்றும் வாயைத் திறந்தேன். ‘ஏங்க’ வரைக்கும் வந்தது. அவர் கவரை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றார், நற்கருணை வாங்க நிற்பவர் மாதிரி. “ஏங்க, டீ போடட்டுமா” என்று வாக்கியத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டேன். இன்று காலை கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, கம்பி முறுக்குற கீ எல்லாம் இறுகிப்போச்சு, கடையில எண்ணெய் விட்டுட்டு வர்றேன் என்றேன். பிழை திருத்தாதது ஒரு பாவம், பொய் இன்னொன்று. இப்போது மெயின்கார்டு கேட் பக்கத்துச் சந்தில், கூரையிலிருந்து கிட்டார்கள் கழுத்தில் தொங்கும் இந்தக் கடையில், பதின்மூன்றைக் கொடுத்துவிட்டுப் பத்து வாங்க உட்கார்ந்திருக்கிறேன். கடைக்காரர் ஷாகுல் ஏணி மேல் ஏறிப் பத்தைத் தேடுகிறார். அவருடைய பாதங்கள் மட்டும் என் கண் உயரத்தில் தெரிகின்றன. பாதங்கள் பேசுகின்றன.

“நான் கேட்டேன் டீச்சர், யாருக்கு, எப்படி வாசிப்பாங்கன்னு கேட்டேன். கம்பியைப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க தம்பின்னுட்டாரு சார். அப்புறம் நான் என்ன சொல்றது?”

ஒன்றும் சொல்ல முடியாதுதான். நானே முப்பது வருடமாகச் சொன்னதில்லை. கவரைப் பிரித்தால் திரும்ப வாங்க மாட்டோம் என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள், ‘வாங்க மட்டோம்’ என்று, கால் இல்லாமல். அந்தத் துணைக்காலை ஒரு பேனாவால் இப்போதே போட்டுவிடலாம், ஷாகுல் ஏணியில்தான் இருக்கிறார். வேண்டாம். இன்றைக்கு ஒரு காரியம்தான். சாயங்காலம் பயிற்சி. எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழுவுக்கு இப்போது தலைவன் பெலவேந்திரன், என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன், லகரத்துக்கும் ளகரத்துக்கும் நாக்கில் ஒரே அறை ஒதுக்கியவன். இன்றுவரை ‘வாழ்வின் ஒளியே வருக’ என்ற இடத்தில் ‘ஒலியே வருக’ என்றுதான் பாடுவான், மொத்தக் குழுவும் அவன் பின்னால் ஒலியையே அழைக்கும். கடவுளும் கேட்டதைக் கொடுத்தார். கோயிலுக்குக் கீபோர்டு வந்தது. அதன் மேல் எனக்கு ஒன்றும் பகை இல்லை. வாசிக்கிற ஜெனிட்டா நல்ல பெண், தாளம் தப்பமாட்டாள். ஆனால் போன சனிக்கிழமை, எஃப் என்ற சுரக்கூட்டு வருகிற இடத்தில் என் கிட்டார் நரம்பொலிக்குப் பதிலாகப் பலகைச் சத்தம் கொடுத்தபோது, இரண்டாம் முறையும் கொடுத்தபோது, மூன்றாம் முறை எதுவுமே கொடுக்காதபோது, பெலவேந்திரன் மைக்கை அணைத்துவிட்டு, அதற்காக அவனைப் பாராட்ட வேண்டும், மைக்கை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்தான். “டீச்சர், நீங்க ரெஸ்ட் எடுங்க. கீபோர்டுலயே கிட்டார் சவுண்டு இருக்கு, ஜெனிட்டா அதைப் போட்டுக்கும். நீங்க பேசாம பாடுற வரிசைக்கு வந்துருங்க.” பேசாமல் பாடுவது எப்படி என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வாசித்துக் காட்டுகிறேன், சரியா வரலைன்னா நானே வரிசைக்கு வந்துடறேன் என்று சொல்லிவிட்டேன். நானே சொன்னது. எழுவாய் பயனிலை எல்லாம் பொருந்திய வாக்கியம், அதனால் திரும்பப் பெறவும் வழியில்லை. அந்த அடுத்த சனிக்கிழமை இன்றைக்கு.

எஃப் என்பது எழுத்தல்ல, ஒரு கொடுமை. மற்ற சுரக்கூட்டுகளில் விரல்கள் ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டு பிழைத்துப்போகும். எஃப்பில் ஆள்காட்டி விரல் கட்டிலில் விழுந்தவனைப் போல ஆறு கம்பிகளின் மேலும் குறுக்கே படுக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரே மாதிரி அழுத்த வேண்டும், ஒரு மயிரிழை பிசகினால் ஏதோ ஒரு கம்பி இருமும். எந்தக் கம்பி இருமுகிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும், காதுக்குத் தெரிந்து பிரயோசனம் இல்லை, காதுக்குத் தெரியும்போது கோயிலுக்கே தெரிந்திருக்கும். என் ஆள்காட்டி விரலுக்கு இப்போது எதுவும் தெரிவதில்லை. இடது மணிக்கட்டில் நரம்பு நெருக்கம், வருடக்கணக்காகச் சுணைத்துச் சுணைத்து வலித்தது, டாக்டர் கீறி நெருக்கத்தை விடுவித்தார், வலி போனது, போகிற போக்கில் மூன்று விரல் நுனிகளையும் மரத்துப்போக வைத்துவிட்டுப் போனது. உணர்ச்சி மெல்ல வரும் என்றார் டாக்டர். ‘மெல்ல’ என்பது காலத்தைக் குறித்ததா அளவைக் குறித்ததா என்று கேட்க நினைத்தேன், அதாவது தாமதமாக வருமா, குறைவாக வருமா. அதற்குள் அவர், கிட்டாரா, வீட்ல சும்மா வாசிங்கம்மா, மெல்லிசான கம்பியாப் போட்டுக்குங்க என்று அடுத்த நோயாளியின் பெயரைப் பார்த்தார். எல்லாருக்கும் மெல்லினத்தின் மேல் என்ன மோகம். மெல்ல, மெல்லிசு, மெலிசு. மெல்லிசை என்ற சொல்லை எவன் உண்டாக்கினானோ அவனுக்கு நல்ல காது, ஆனால் அது கம்பிக்குச் சொன்னதல்ல.

“இந்தாங்க டீச்சர், பத்து. எக்ஸ்ட்ரா லைட். பஞ்சு மாதிரி இருக்கும்.” ஷாகுல் இறங்கிவிட்டார். முகமும் பாதங்களைப் போலவே சுறுசுறுப்பு. எக்ஸ்ட்ரா லைட். குறைவாகக் கொடுப்பதை அதிகம் என்று சொல்லி விற்கும் ஒரே தொழில் இதுதான் போல. கவரைத் திருப்பிப் பார்க்கிறேன். மேலே சுற்றியிருக்கும் உலோகம் எண்பதுக்கு இருபது வெண்கலம் என்று எழுதியிருக்கிறது.

“தம்பி, இது வெண்கலம் இல்லை.”

“கம்பெனி மாலு டீச்சர்!”

“எண்பது செம்பும் இருபது துத்தநாகமும் சேர்ந்தா அதுக்குப் பேரு பித்தளை. வெண்கலத்துக்கு ஈயம் வேணும், வெள்ளீயம்.”

“அப்ப இவ்வளவு நாளா நாங்க பித்தளையவா வெண்கலம்னு வித்தோம்?”

“நீங்க மட்டும் இல்லை, உலகமே.”

“அப்ப சரி” என்றார் ஷாகுல் நிம்மதியாக. “நம்ம மட்டும்னாத்தான் தப்பு. சார் வாங்கினதும் பித்தளைதானா?”

சந்தியாகுவின் கவரைப் பார்த்தேன். பாஸ்பர் வெண்கலம், செம்பும் வெள்ளீயமும், நிஜமான வெண்கலம். எண்ணில் தோற்ற மனிதர் உலோகத்தில் ஜெயித்திருக்கிறார், தெரியாமலே. வெண்கலக் குரல் என்று சும்மாவா சொன்னார்கள். கோயில் மணி வெண்கலம், பித்தளையில் வார்த்தால் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போகாது. ஷாகுல் கூரையிலிருந்து ஒரு கிட்டாரை இறக்கி என் மடியில் வைத்தார், இதுல பத்துதான் போட்டிருக்கு, வாசிச்சுப் பாருங்க. என் கிட்டார் ஓரமாகச் சுவரில் சாய்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் கிடக்கும் பழைய பன்னிரண்டுகள் துருப்பிடித்திருந்தன, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மாதக்கணக்கில் தொடாமல் விட்டதால். எஃப் போட்டேன். விரல் படுத்தது. மிருதுவாகத்தான் இருக்கிறது, அழுத்துகிறேனா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மிருது. மீட்டினேன். எஃப் வந்தது! வந்தது, ஆனால் பக்கத்து வீட்டு டீவியிலிருந்து வருவது போல வந்தது. எங்கள் கோயிலுக்கு உயரமான கூரை, கடைசி வரிசையில் வாக்குவாதம் செய்துகொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் பன்னிரண்டுக்குக் குறைந்து எதுவும் செல்லாது, இருந்த மைக் லைனும் இப்போது கீபோர்டுக்குப் போய்விட்டது. பரவாயில்லை, வந்தது வந்ததுதான் என்று இன்னொரு முறை போட்டேன். இருமல். மூன்றாம் முறை, நடுவில் இரண்டு கம்பிகள் செத்துக் கிடந்தன. எங்கே பிசகுகிறது? விரலைக் கேட்டேன். விரல் கையை விரித்தது, விரலுக்குக் கை உண்டா என்று கேட்கக் கூடாது, அந்த மாதிரிதான் இருந்தது. கம்பிக்கும் தோலுக்கும் நடுவில் யாரோ ஒரு மெத்தையை வைத்துத் தைத்துவிட்டது போல. கண்ணால் பார்த்துச் சரி செய்தேன். ஆனால் பாட்டுப் புத்தகத்தையும் பெலவேந்திரனின் கையையும் பார்க்க வேண்டிய கண் விரலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முதல் முறை வந்தது தற்செயல். தற்செயலை நம்பிச் சாயங்காலம் போய் உட்காருவதா. பேசாமல் வரிசைக்குப் போய்விடலாம், மதலேன் அக்காவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, பாட்டுக்கு நடுவில் இருமல் மிட்டாய் கொடுப்பார். என்ன குறைந்துபோகும். ஒன்றும் குறையாது. குறைவுக்குப் பெயர்தான் எக்ஸ்ட்ரா ஆயிற்றே. இல்லை. போக மாட்டேன். பாடுகிற வரிசையில் நிற்பது கேவலம் என்பதற்காக அல்ல, போகச் சொன்னது என் விரல், விரல் சொல்லி நான் எங்கும் போவதில்லை.

நரம்பு. அந்தச் சொல்லே ஒரு குறும்பு. உடம்புக்குள் ஓடுவதும் நரம்பு, பழைய யாழில் கட்டியதும் நரம்பு. தந்தி என்கிறோமே, அது பின்னால் வந்தது, அதையும் தபால்காரர் கொண்டுவந்து வாசலில் அழ வைத்துப் பேரைக் கெடுத்துவிட்டார். கம்பி வேலிக்கும் போகும், சிறைக்கும் போகும். நரம்பு ஒன்றுதான் கையிலும் கருவியிலும் ஒரே பெயரோடு இருந்தது, ஒன்று அதிர்ந்தால் மற்றது அதிரும் என்று தெரிந்தே வைத்தது போல. என் நரம்பில் கோளாறு என்றதற்கு சந்தியாகு கடைக்குப் போய் நரம்பு வாங்கி வந்தார், நினைத்துப் பார்த்தால் அகராதிப்படி அது முற்றிலும் சரியான வைத்தியம். அதற்கு முன்பே அவர் செய்த இன்னொரு வைத்தியம் அரிசி. அது ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தது. ஒரு டப்பா நிறையப் பச்சரிசி, அதற்குள் எதையாவது புதைத்து வைப்பார், நான் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுத் துழாவி என்ன என்று சொல்ல வேண்டும். விரல் மறந்த பாஷையை மறுபடி படிக்கிற பள்ளிக்கூடம், இந்த முறை நான் மாணவி. பொத்தான், நட்டு, புளியங்கொட்டை. பிறகு அவருக்குப் புத்தி அவர் தொழில் பக்கம் போயிற்று, பழைய செம்புக் கம்பித் துண்டுகளைப் புதைக்க ஆரம்பித்தார், தடியா மெலிசா சொல்லு. “தடி” என்பேன். “சரி” என்பார். “மெலிசு.” “சரி. பலே அமலா, தேறிட்டே.” எல்லாமே சரி. ஒரு நாள் கண்ணை முழுவதும் மூடவில்லை, ஒரு கீற்று விட்டு வைத்தேன். தேர்வு நடத்திப் பழகியவளுக்குத் தேர்வில் காப்பியடிக்கத் தெரியாதா. விரலில் மாட்டியிருந்தது தலைமுடிக் கம்பி, பார்த்துவிட்டேன், பார்த்துவிட்டு வேண்டுமென்றே “தடி” என்றேன். “சரி” என்றார். முகத்தில் ஒரு கோடு கூட மாறவில்லை. அன்றைக்குத்தான் பயந்தேன். அறுவை மேசையில் பயப்படவில்லை, எஃப் செத்தபோது பயப்படவில்லை. என் விடைத்தாளை ஒருவர் படிக்காமலே நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டிருக்கிறார், ஏனென்றால் நான் தேறமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று பயந்தேன். அதற்குப் பிறகு அரிசியில் கை விடவில்லை. அந்த அரிசியைப் பொங்கலாக்கிச் சாப்பிட்டுவிட்டோம்.

ஷாகுல் போனில் யாருக்கோ டிரம் விலை சொல்லிக்கொண்டிருக்கிறார். கல்லா மேல் ஒரு பிளாஸ்டிக் மக்கு, குளியலறை மக்கு, அதில் கம்பி மாற்றும்போது வெட்டிப் போட்ட துண்டுகள், வெள்ளையும் மஞ்சளுமாகச் சுருண்டு கிடக்கின்றன. கை சும்மா இருக்காமல் அதில் போகிறது. இடது கை. அரிசி இல்லாத அரிசி டப்பா. வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டு துழாவுகிறேன், ஒரு பஸ் திரும்ப முடியாமல் திரும்புகிறது, கண்டக்டர் பக்கவாட்டில் தட்டி வரலாம் வரலாம் என்கிறார். விரலுக்கு ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, எலும்பு வரைக்கும் ஒன்றும் இல்லை, பிறகு ஏதோ இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் தட்டுகிற மாதிரி. சொல் கேட்கவில்லை, ஆள் இருப்பது மட்டும் தெரிகிறது. வெளியே எடுத்துப் பார்க்கிறேன். ஆறாம் கம்பியின் வால், உள்ளே இரும்பு, மேலே வெண்கலம் நெருக்கி நெருக்கிச் சுற்றியது, வரப்பு வரப்பாக.

“தம்பி, இது எந்த செட்?”

போனை மூடிவிட்டு வாங்கிப் பார்த்தார். “பதிமூணு டீச்சர். நேத்து ஒரு கச்சேரிக்காரருக்கு மாட்டினேன், வெட்டின மிச்சம்.”

“இதே ஆறாம் கம்பி, பத்துல இருக்கா?”

கிளறி எடுத்தார். இரண்டையும் அவர் கையில் கொடுத்தேன். நான் கண்ணை மூடிக்கறேன், விரலுக்கு அடியில ஒவ்வொண்ணா வைங்க, சில தடவை ஒண்ணும் வைக்காதீங்க என்றேன். டீச்சருக்கு என்ன ஆச்சு என்பது போலப் பார்த்தார். பிறகு, “மேஜிக்கா?” என்றார். “தேர்வு” என்றேன். கண்ணை மூடினேன், இந்த முறை கீற்றுகூட விடாமல்.

“இப்ப?”

“ஒண்ணுமில்லை.”

“இருக்கு டீச்சர். பத்து.”

எவ்வளவு அழகாகச் சொல்கிறார், இருக்கு டீச்சர் என்று, இரக்கமே இல்லாமல். “அடுத்தது.”

“இப்ப?”

“இருக்கு. பதிமூணு.”

“ஆமா.”

“இப்ப?”

“ஒண்ணுமில்லை.”

“ஆமா, ஒண்ணுமில்லை. இப்ப?”

“ஒண்ணுமில்லை.”

“பத்து டீச்சர், விட்டுட்டீங்க. இப்ப?”

“பதிமூணு.”

“ஆமா. இப்ப?”

“பதிமூணுதான், ஆனா குறுக்கே வச்சிருக்கீங்க.”

“அட!” என்றார் ஷாகுல்.

அட. இலக்கணத்தில் வியப்பிடைச்சொல், சிறுபிள்ளைத்தனமான வகை. வாழ்க்கையில் நான் வாங்கிய மதிப்பெண்களிலேயே இதுதான் உசத்தி. டாக்டரும் சந்தியாகுவும் பத்தை இறக்கிக் கொடுத்த ஷாகுலும் ஒரே பிழையைத்தான் செய்திருக்கிறார்கள், நானும் செய்தேன், நோகிற விரலுக்குத்தான் மெல்லிய கம்பி. என் விரல் நோகவில்லை, அது காது கேளாத விரல். காது கேளாதவரிடம் மெல்லப் பேசி என்ன பயன், உரக்கப் பேச வேண்டும். பதின்மூன்று உரக்கப் பேசுகிறது. சரி, அமலோற்பவம், அவசரப்படாதே, அடுத்த கேள்வி, பதின்மூன்றை உன்னால் அழுத்த முடியுமா? முடியாது. தடித்த கம்பியை அதே சுருதிக்கு ஏற்ற வேண்டுமானால் அதிகம் இழுக்க வேண்டும், இழுத்தால் விறைக்கும், விறைத்ததை எஃப்பில் ஆறாகப் படுக்க வைக்க இந்த மணிக்கட்டு மூன்று பாட்டுக்கு மேல் தாங்காது. அதே சுருதிக்கு. யார் சொன்னது அதே சுருதிக்கு என்று? ஒரு முழுச் சுரம் இறக்கிக் கட்டினால் விறைப்புப் போய்விடும், கனம் அப்படியே இருக்கும், விரலுக்குக் கேட்கும், கைக்குத் தாங்கும். கிட்டார் இறங்கினால் பாட்டும் இறங்க வேண்டும். இறங்கட்டுமே. உன்னதம் என்ற சொல் வருகிற இடத்தில் அந்த உச்சத்துக்கு எங்கள் குழுவில் போகிறவர் மதலேன் அக்கா ஒருவர்தான், அவரும் போய்ச் சேர்வதில்லை, வழியில் கீச்சிட்டு நிற்கிறார், மற்ற பெண்கள் எல்லாரும் அந்த இடத்தில் வாயை மட்டும் திறப்பார்கள். நான் எதிரே உட்கார்ந்து பார்க்கிறவள், எனக்குத் தெரியும். வருடக்கணக்காக ஒரு குழு முழுவதும் கடவுளிடம் வாயசைத்து ஏமாற்றுகிறது, ஒருவரும் உயரத்தைக் குறைப்போம் என்று சொன்னதில்லை, சொன்னால் வயதாகிவிட்டது என்று ஆகிவிடுமே. நான் சொல்கிறேன். எனக்கு வயதாகிவிட்டது, இறங்குங்கள். ஆனால் இறங்கமாட்டேன் என்று பெலவேந்திரன் சொன்னால்? சொல்லட்டும், கீபோர்டில் சுருதி இறக்க ஒரு பொத்தான் இருக்கிறது, ஜெனிட்டாவே எனக்குக் காட்டியிருக்கிறாள். ஒலியே வருக என்று கூப்பிட்டவன் வந்த ஒலியை ஒரு படி இறக்கத்தான் வேண்டும்.

“அப்ப பத்து போடட்டுமா டீச்சர்?”

பதிலுக்குக் கவரைக் கிழித்தேன், பதின்மூன்றை, சிவப்பு வட்டத்தின் நடுவாக. ஷாகுல் கை தன்னையறியாமல் சுவரில் எழுதியிருந்ததைக் காட்டியது. தெரியும், வாங்க மட்டீங்க என்றேன், அவருக்குப் புரியவில்லை. நான் மாட்டித் தர்றேன் கொடுங்க என்றார். வேண்டாம். பழைய பன்னிரண்டுகளை நானே தளர்த்தினேன், துரு விரலில் ஒட்டியது, ஒவ்வொன்றாகக் கழற்றி மக்கில் போட்டேன், மக்கு நிறைந்தது. புதியது ஒவ்வொன்றும் பளபளவென்று, திமிராக, சுருள் பிரிய மறுத்தது. ஆறாவதிலிருந்து ஆரம்பித்தேன். கீயைத் திருக, கம்பி முனகிக்கொண்டே ஏற, வழக்கமான இடம் வருவதற்கு முன்பே நிறுத்த வேண்டியிருந்தது. கை மேலே போகத் துடிக்கிறது, பழக்கம், இன்னும் ஒரு சுற்று இன்னும் ஒரு சுற்று என்று. நிறுத்தினேன். நிறுத்துவதற்குத்தான் வலு வேண்டியிருந்தது. ஷாகுல் சுருதி காட்டும் டியூனரை நீட்டிவிட்டு, “எல்லாமே கம்மியா நிக்குது டீச்சர்” என்றார். “கம்மி இல்லை தம்பி, கீழே” என்றேன். இரண்டும் வேறு.

மணிக்கட்டு கொஞ்சம் இழுக்கிறது, இருக்கட்டும். பெலவேந்திரனைக் கூப்பிட்டேன். எடுத்ததுமே ரெஸ்ட் எடுங்க டீச்சர் என்கிற குரலைத் தயாராக வைத்திருந்தான்.

“பெலவேந்திரா, இன்னிக்கு எல்லாப் பாட்டும் ஒரு சுரம் கீழே. ஜெனிட்டாகிட்டச் சொல்லிடு, டிரான்ஸ்போஸ் பட்டன்.”

“டீச்சர், அது... எல்லாரும் பழகினது டீச்சர்.”

“உன்னதம் யாருக்குப் பழகியிருக்கு? உனக்கு எட்டுதா?”

மறுபக்கத்தில் மூச்சு விடுகிற சத்தம். எட்டாம் வகுப்பில் செய்யுள் ஒப்பிக்க எழுந்து நிற்கும்போதும் இதே மூச்சுதான்.

“எட்டாது டீச்சர்” என்றான் கடைசியில், தணிந்த குரலில், பக்கத்தில் யாரும் இருக்கிறார்களோ என்னவோ. “ஆனா எஃப் வரணும் டீச்சர். நீங்கதான் சொன்னீங்க.”

“நான்தான் சொன்னேன்” என்று வைத்தேன். வைத்த மாத்திரத்தில் போன் மறுபடி அடித்தது. சந்தியாகு.

“எண்ணெய் விட்டாச்சா?”

“ம்.”

“கம்பி மாட்டிட்டியா? எப்படி இருக்கு பதிமூணு? மெலிசாத்தானே இருக்கு?”

சிவப்பு மை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த எண்ணின் முறையை அவருக்கு ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடலாம், கறாராக, உதாரணத்தோடு. விளக்கலாம், என்றைக்காவது. மடியில் கிட்டார் கனமாக இருந்தது.

“விரலுக்குத் தெரியுதுங்க” என்றேன்.

அந்தப் பக்கம் குக்கர் ஒன்று தூரத்தில் சீறி அடங்கியது. அவர் அந்த வாக்கியத்தை, நான் விடைத்தாளைப் படிப்பது போல, இரண்டாம் முறை படிக்கிறார் என்று தெரிந்தது.

“எந்த விரலுக்கு?”

“ஆள்காட்டிக்கு.”

“நெசமாவா அமலா? இல்ல, எனக்காகச் சொல்றியா?”

ஆக, அவருக்கும் தெரியும். அரிசி டப்பாவில் நான் விட்டு வைத்த கீற்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டே சரி என்றிருக்கிறார், நானும் தெரிந்துகொண்டே அந்தச் ‘சரி’யை வாங்கியிருக்கிறேன். “நீங்க அரிசியில சொன்ன மாதிரி இல்லை. போனை வைக்காதீங்க, கேளுங்க” என்று போனைக் கல்லா மேல் வைத்தேன். ஷாகுல் விசிறியை நிறுத்தினார், நான் கேட்காமலே. எஃப் இருக்கும் கட்டத்தில் விரலைப் படுக்க வைத்தேன். எஃப் என்று பிடித்தது இனி எஃப்பாக ஒலிக்காது, ஒரு சுரம் கீழே ஒலிக்கும், அதற்கு வேறு பெயர், பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மீட்டினேன். ஐந்து கம்பிகள் எழுந்தன, தாழ்ந்து, அகலமாக, கடையில் தொங்கிய மற்ற கிட்டார்களின் வயிற்றிலெல்லாம் போய் இடித்துக்கொண்டு. ஒன்று மட்டும் இருமியது. இரண்டாவது. நான் கீழே பார்க்கவில்லை. தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தட்டுகிற ஆள் கொஞ்சம் இடது பக்கமாகத் தட்டினார், அந்த இடத்துக்கு விரல் ஒரு மயிரிழை நகர்ந்தது, நகர வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. மறுபடி மீட்டினேன். ஆறு.

ஒலி அடங்குகிற வரைக்கும் போனில் சந்தியாகு கேட்டுக்கொண்டிருந்தார். அடங்கிய பிறகுதான், “சரி” என்றார்.